அடிக்க மறுத்தவர்களும் அடிக்க வந்தவர்களும்

பறையைச் சுற்றி இன்று இரண்டு கூட்டம் நிற்கிறது. ஒரு கூட்டம் அதைக் கீழே வைத்துவிட்டுப் போக நினைக்கிறது. இன்னொரு கூட்டம் அதைத் தேடி வந்து தோளில் மாட்டிக்கொள்கிறது. முதல் கூட்டத்தில் இருப்பவர்கள் சேரியில் பிறந்து, அப்பன் பாட்டன் காலம் தொட்டு ஊருக்கு மோளம் அடித்தவர்களின் பிள்ளைகள். இரண்டாவது கூட்டத்தில் கல்லூரி மாணவர்கள், கணினி வேலை பார்ப்பவர்கள், பெண்கள், பிற சாதியார், அமெரிக்காவிலும் சிங்கப்பூரிலும் வாழும் தமிழர்கள். இந்த இரண்டு கூட்டமும் ஒன்றையொன்று முகம் பார்த்துப் பேசிக்கொள்வது அரிது. நடுவில் அறுபது, எழுபது வயதைத் தாண்டிய கிழவர்கள் கையில் அடிகுச்சியோடு நிற்கிறார்கள். அந்தக் கிழவர்களின் பக்கம் நின்று இரண்டு கூட்டத்தின் வரலாற்றையும் பார்க்க வேண்டியிருக்கிறது.

ஊரும் மோளமும்

ரிஷிவந்தியம் பக்கம் ஜனங்கள் பேச்சில் பறை என்ற சொல் அதிகம் வராது. மோளம் என்பார்கள். சாவு மோளம், சாமி மோளம். தப்பு, தப்பட்டை என்பதெல்லாம் தஞ்சாவூர்ப் பக்கத்து, கொங்குப் பக்கத்துச் சொற்கள். இந்த மண் முன்பு தென்னார்க்காடு மாவட்டம். 1993-இல் விழுப்புரம் மாவட்டம் ஆயிற்று. 2019-இல் கள்ளக்குறிச்சி மாவட்டம் ஆயிற்று. மாவட்டத்தின் பெயர் மாறி மாறி வந்தது. ஊருக்கும் சேரிக்கும் நடுவே இருக்கும் தூரம் மட்டும் அப்படியே இருக்கிறது. ரிஷிவந்தியத்தின் பெருமையைப் பேசுகிறவர்கள் அர்த்தநாரீஸ்வரர் கோயிலையும் அங்கே நடக்கும் தேன் அபிஷேகத்தையும் சொல்வார்கள். மோளத்தைச் சொல்ல மாட்டார்கள். மோளம் இல்லாமல் ஊரில் பிணமும் எழும்பாது, மாரியம்மனுக்குக் கூழும் ஊற்ற முடியாது என்பது எல்லோருக்கும் தெரியும். தெரிந்தும் சொல்லாமல் விடுவதுதான் சாதி.

பறையின் பழமையைப் பற்றி இன்றைக்கு நிறையப் பேசுகிறார்கள். தொல்காப்பியம் ஒவ்வொரு திணைக்கும் உரிய கருப்பொருள்களில் பறையையும் வைத்தது உண்மை. புறநானூற்றின் 335-ஆம் பாட்டு பறையன், பாணன், துடியன், கடம்பன் என்ற நாலு குடிகளை மதிப்போடு சொல்வதும் உண்மை. பறைதல் என்றால் சொல்லுதல். ஆனால் சொல்கிறவனாக இருந்தவன் எப்படித் தீண்டத்தகாதவன் ஆக்கப்பட்டான் என்ற கேள்விக்கு இந்தப் பழம்பெருமை பதில் சொல்வதில்லை. ‘தமிழனின் ஆதி இசை’ என்று மேடையில் முழங்குகிறவர்கள் சங்க காலத்திலிருந்து நேராக இன்றைய மேடைக்குத் தாவி விடுகிறார்கள். இடையில் உள்ள நூற்றாண்டுகளில்தான் நம்முடைய பாட்டன்கள் இருக்கிறார்கள்.

அந்தப் பாட்டன்கள் மோளத்தைத் தாங்களே செய்தார்கள். வேப்பமரத்தை வளைவாக அறுத்து மூன்று துண்டாகச் சேர்த்து வட்டக் கட்டை செய்வது, இரும்புத் தகடு வைத்து இணைப்பது, மாட்டுத்தோலைப் பதப்படுத்திப் புளியங்கொட்டைப் பசையில் ஒட்டுவது, வைக்கோல் கொளுத்தி அனலில் காட்டித் தோலை முறுக்கேற்றுவது எல்லாம் தனித்தனி வித்தைகள். வலது கையில் குட்டையான அடிகுச்சி, இடது கையில் மெல்லிசான நீண்ட சுண்டுகுச்சி. தோல் எவ்வளவு காய்ந்தால் எந்தக் குரல் வரும் என்று கைக்குத் தெரியும், காதுக்குத் தெரியும். மரம், தோல், இரும்பு, நெருப்பு, தாளம் என்று இத்தனை அறிவையும் கைக்குள் வைத்திருந்தவனை இந்தச் சமூகம் ‘தொழில் தெரிந்தவன்’ என்று சொன்னதில்லை. அந்தத் தோலைத் தொட்டதாலேயே தீட்டு என்றது.

மோளத்துக்கு அழைப்பு என்று ஒன்று கிடையாது. ஊரில் சாவு விழுந்தால் சேரிக்கு ஆள் வரும். உடம்பு சரியில்லை, வயலில் வேலை இருக்கிறது என்று சொல்ல முடியாது. பக்கத்து ஊர்களுக்குச் சாவுச் சேதி சொல்லப் போவது, குழி தோண்டுவது, செத்த மாட்டைத் தூக்குவது, திருவிழாவுக்குச் சாட்டுவது, தண்டோரா போடுவது எல்லாம் ஒரே கயிற்றில் கட்டப்பட்ட வேலைகள். கூலி என்பது அறுவடைக் களத்தில் கொஞ்சம் நெல், சாவு வீட்டில் கொஞ்சம் சில்லறை, கூடவே சாராயம். குடித்தால்தான் விடிய விடிய அடிக்க முடியும் என்று சொல்லிச் சொல்லியே குடிக்க வைத்தார்கள். அப்புறம் ‘அவனுங்க குடிகாரப் பசங்க’ என்றும் அவர்களே சொன்னார்கள். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த சாராயம் 60-க்கும் மேற்பட்ட உயிர்களைக் கொண்டுபோயிற்று. செத்தவர்களில் பலர் தலித் கூலித் தொழிலாளர்கள். சாராயத்தைக் கூலியின் ஒரு பங்காகக் கொடுத்துப் பழக்கிய பண்ணை வழக்கத்தை மறந்துவிட்டு இந்தச் சாவுகளைப் பேசுவது அரைகுறைப் பேச்சு.

இதற்குள்ளேயே இன்னொரு மோளமும் இருந்தது. ஊர்க்காரன் சாவுக்கு அடிப்பது வேற, நம்ம சனத்துல ஒருத்தர் செத்தா அடிப்பது வேற. ஊருக்கு அடிக்கும்போது கால் கணக்குப் பார்க்கும். எங்கே நிற்கணும், எந்தத் தெருவில் அடிக்கக் கூடாது, யாருக்கு வழி விடணும் என்று பயம் இருக்கும். நம்ம சாவுக்கு அடிக்கும்போது அந்தப் பயம் இல்லை. கிழவிகள் மாரடித்து ஒப்பாரி வைக்க, மோளம் அந்த அழுகையைப் பிடித்துக்கொண்டு போகும். திடீரென்று ஆட்டத்துக்கு மாறும். இந்த இசையை ஊர் கேட்டதில்லை. எந்த இசைச் சபாவும் கேட்டதில்லை. சேரிக்குள்ளேயே பிறந்து சேரிக்குள்ளேயே அடங்கிய இசை அது. நம்முடைய கிழவர்களின் கையில் இருக்கும் பெரிய சொத்து இதுதான்.

மறுத்தவர்களின் வரலாறு

‘இளைஞர்கள் பறையை விட்டுவிட்டார்கள்’ என்று இன்று வருத்தப்படுகிறவர்கள் இந்த வரலாற்றைப் படிக்க வேண்டும். விட்டது சோம்பேறித்தனத்தால் அல்ல. அது ஒரு போராட்டம். நம்ம தென்னார்க்காடு மண்ணிலேயே அது நடந்தது. காட்டுமன்னார்கோயில் பகுதியில் இளையபெருமாள் (1924–2005), பறையடிக்க மாட்டோம், செத்த மாட்டைத் தூக்க மாட்டோம் என்று சேரிகளைத் திரட்டினார். 1952-இல் நாடாளுமன்றத்துக்குப் போனார். 1965-இல் இந்திய அரசு தீண்டாமை பற்றி ஆராய அமைத்த குழுவுக்கு அவரே தலைவர். அந்தக் குழு 1969-இல் அறிக்கை கொடுத்தது. சேரி மோளத்தை நிறுத்தச் சொன்ன ஒருவர்தான் நாடு முழுவதிலும் தீண்டாமை எப்படி நடக்கிறது என்று எழுதி வைத்தார்.

மோளத்தை நிறுத்தினால் என்ன நடக்கும் என்பது அடித்தவனுக்குத் தெரியும். வயலில் வேலை இல்லை. கடையில் சாமான் இல்லை. வரப்பில் நடக்கக் கூடாது, மாடு மேய்க்கக் கூடாது. சில இடங்களில் அடிதடி, குடிசைக்குத் தீ. தமிழ்நாட்டின் எத்தனையோ கிராமங்களில் ‘இனி அடிக்க மாட்டோம்’ என்ற நாலு சொல்லுக்குக் கொடுத்த விலை இது. பஞ்சமி நிலம் கேட்டதற்கும் கோயிலுக்குள் நுழைந்ததற்கும் கொடுத்த விலையைவிட இது குறைந்ததல்ல. எங்க பக்கத்தில் சின்னசேலம் அருகே எடுத்தவாய்நத்தத்தில் 2023 ஜனவரி 2 அன்று தலித் மக்கள் போலீஸ் பாதுகாப்போடுதான் வரதராஜப் பெருமாள் கோயிலுக்குள் போக முடிந்தது. இந்த நூற்றாண்டிலும் கோயிலுக்குள் காலெடுத்து வைக்கப் போலீஸ் வேண்டும் என்றால், ஐம்பது அறுபது வருஷத்துக்கு முன்னால் மோளத்தைக் கீழே வைக்க எவ்வளவு நெஞ்சுரம் வேண்டியிருந்திருக்கும்?

சட்டம் மெதுவாகத்தான் வந்தது. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்துக்கு 2015-இல் செய்த திருத்தம், பிணத்தையும் செத்த விலங்கையும் தூக்க வைப்பதையும் குழி தோண்ட வைப்பதையும் குற்றம் என்று பெயர் சொல்லிச் சொல்கிறது. மோளம் அடிக்க வைப்பதை அப்படிப் பெயர் சொல்லிச் சொல்லவில்லை. கட்டாய உழைப்பு என்ற பிரிவுக்குள்தான் அதைக் கொண்டுவர வேண்டும். தண்டோராவை நிறுத்தி ஒலிபெருக்கி வைத்துக்கொள்ளுங்கள் என்று தலைமைச் செயலாளர் மாவட்ட ஆட்சியர்களுக்குக் கடிதம் எழுதியது 2022 ஆகஸ்ட்டில்! சுதந்திரம் வந்து 75 வருஷம் ஆன மாதம் அது.

ஆகவே பெங்களூருக்குக் கட்டட வேலைக்குப் போன பையன், கேரளாவுக்குக் கூலிக்குப் போன பையன், ‘எங்கப்பன் அடிச்சதே போதும்’ என்று சொன்னால் அதைக் கலையின் அழிவு என்று மட்டும் பார்க்கக் கூடாது. அவன் இளையபெருமாளின் வழியில் நடக்கிறான். அவனிடம் போய், ‘தம்பி, இது நம்ம பாரம்பரியம், விடாதே’ என்று சொல்ல நமக்கு உரிமை இல்லை.

எடுத்தவர்களின் வரலாறு

மறுப்பு ஒரு வழி. இழிவை எடுத்து எதிராளியின் முகத்துக்கு நேராகத் திருப்புவது இன்னொரு வழி. இதுவும் நமக்குப் பழசு. இரட்டைமலை சீனிவாசன் 1893-இல் பத்திரிகை தொடங்கியபோது அதற்கு ‘பறையன்’ என்றுதான் பெயர் வைத்தார். எந்தச் சொல்லைச் சொல்லி ஏசினார்களோ அந்தச் சொல்லையே அச்சில் ஏற்றித் தெருவில் விற்க வைத்தார்.

அம்பேத்கர் நூற்றாண்டை ஒட்டி எழுந்த தலித் எழுச்சியில் இந்த இரண்டாவது வழி மோளத்துக்கும் வந்தது. கே.ஏ. குணசேகரன் நாட்டுப்புற இசையைப் பல்கலைக்கழகத்துக்குள்ளும் போராட்ட மேடைக்கும் கொண்டுபோனார். மதுரை அரசரடி இறையியல் கல்லூரியில் ‘பரட்டை’ தியாபிலஸ் அப்பாவு கீர்த்தனையை ஓரம் கட்டிவிட்டு, கிராமத்து மெட்டிலும் பறையிலும் வழிபாட்டுப் பாட்டு கட்டினார். திண்டுக்கல்லில் 1990-இல் தொடங்கிய சக்தி கலைக்குழு தலித் பெண்பிள்ளைகளின் கையில் பறையைக் கொடுத்தது. இது சாதாரணக் காரியமல்ல. சேரிக்குள்ளும் மோளம் ஆம்பிளை சாமான்தான். பெண் ஒப்பாரி வைக்கலாம், மாரடிக்கலாம். குச்சி பிடிக்கக் கூடாது. அந்தப் பிள்ளைகள் சாதியின் தீட்டையும் ஆணின் தீட்டையும் ஒரே அடியில் உடைத்தார்கள்.

அன்றைக்கே நம் இயக்கங்களுக்குள் கடுமையான விவாதம் நடந்தது. பறையைக் கொளுத்து என்றது ஒரு தரப்பு. பறையை விடுதலைக் கருவியாக்கு என்றது இன்னொரு தரப்பு. இரண்டு தரப்பும் நேர்மையாகவே பேசின. பின்னோக்கிப் பார்க்கும்போது ஒன்று தெளிவாகிறது. மறுத்தவர்கள் இல்லாமல் எடுத்தவர்கள் இல்லை. கட்டாயத்துக்கு அடித்துக்கொண்டிருக்கும் வரை அது கலை ஆகாது. ‘மாட்டேன்’ என்று சொல்லும் உரிமை வந்த பிறகுதான் ‘அடிக்கிறேன்’ என்ற சொல்லுக்கு மதிப்பு வருகிறது.

புதிதாக வந்தவர்கள்

2007-இல் சென்னை சங்கமம் நாட்டுப்புறக் கலைஞர்களைச் சென்னையின் பூங்காக்களுக்கு அழைத்து வந்தது. சென்னையில் மணிமாறனும் மகிழினியும் நடத்தும் புத்தர் கலைக்குழு போன்றவை பட்டறைகள் வைத்துப் புதியவர்களுக்குக் கற்றுக்கொடுத்தன. 2017 ஜனவரியில் மெரினாவில் கூடிய மாணவர் கூட்டத்தில் பறை ஒலித்தது. 2018 ஜனவரி 6 அன்று சென்னையில் ‘தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்’ முதல் மேடை ஏறியபோது கானாவும் ராப்பும் பறையும் ஒரே இடத்தில் சேர்ந்தன. சாவு வீட்டில் பாடிய மரண கானாவும் சாவு வீட்டில் அடித்த பறையும் சாதி ஒழிப்பைப் பாடின. கடல் தாண்டிய தமிழர்கள் தங்கள் பிள்ளைகளுக்குப் பறை வகுப்பு நடத்துகிறார்கள். 2025-இல் அலங்காநல்லூர் வேலு ஆசானுக்குப் பத்மஸ்ரீ விருது அறிவிக்கப்பட்டது. பறையடித்தவன் ‘ஆசான்’ என்ற பட்டத்தோடு குடியரசுத் தலைவர் மாளிகைக்குப் போவது சின்ன விஷயமல்ல.

வந்தவர்களை நாம் விரட்டத் தேவையில்லை. சாதிக்காரர் வீட்டுப் பெண் ஒருத்தி மாட்டுத்தோலைத் தோளில் மாட்டிக்கொண்டு தெருவில் ஆடுகிறாள் என்றால், அவள் வீட்டில் அதற்கு நடந்த சண்டையும் ஒரு சாதி எதிர்ப்புதான். ஆனால் மூன்று விஷயங்களைக் கேட்டே ஆக வேண்டும்.

முதலாவது, சாதியைக் கழுவி எடுப்பது. ‘பறை தமிழரின் அடையாளம்’ என்ற வாசகம் சட்டையில் அச்சாகிறது. அந்தத் தமிழரில் பறையடித்த தமிழனுக்கு மட்டும் ஏன் தனிச் சுடுகாடு என்று அந்தச் சட்டை கேட்பதில்லை. தீட்டாக இருந்தபோது அது பறையன் மோளம். பெருமையாக மாறியபோது எல்லோருடைய மோளமா?

இரண்டாவது, யாரிடம் கற்கிறார்கள் என்பது. பட்டறையில் இரண்டு மூன்று நாளில் சில அடிகளைக் கற்றுத் தருகிறார்கள். தொடங்குவதற்கு அது போதும். ஆனால் எழுதி வைத்த பட்டியல்களிலேயே சாமிச்சாட்டு அடி, சப்பரத்து அடி, மருள் அடி, மாரடிப்பு அடி, வாழ்த்தடி, ஒத்தையடி என்று எத்தனையோ இருக்கின்றன. ஊருக்கு ஊர் இவை மாறும். மேடையில் கேட்பது வேகமான ஆட்ட அடிகள். மெதுவாகப் போகும் சாவு அடிகள், பிணம் எடுக்கும்போது ஒன்று, பாடை இறக்கும்போது ஒன்று, சுடுகாட்டு முனையில் ஒன்று என்று நகரும் அடிகள் கைதட்டல் வாங்காது. அதனால் அவற்றை யாரும் கேட்டுக் கற்பதில்லை. நம்முடைய துக்கத்தின் இசை அந்த மெதுவான அடிகளில்தான் இருக்கிறது. கிழவர் செத்தால் அவருக்கு அடிக்க வேண்டிய அடி அவரோடேயே போய்விடும்.

மூன்றாவது, காசு. புது நெகிழித்தோலும் இரும்பு வளையமும் போட்ட பறையை வாங்குகிறவர்கள் யாருக்குக் காசு கொடுக்கிறார்கள்? பயிற்சிக்குக் கட்டணம் வாங்குகிறவர்கள் அந்த அடியைச் சொல்லிக்கொடுத்த சேரிக் கிழவருக்கு என்ன கொடுத்தார்கள்? நாட்டுப்புறக் கலைஞர்கள் நல வாரியம் 2007-இல் வந்தது. ஆனால் சாவு மோளம் அடிக்கிற கிழவர் தன்னைக் ‘கலைஞர்’ என்று சொல்லிக்கொள்ளக் கூசுகிறார். அப்படிச் சொல்ல அவரை ஊர் விட்டதில்லை. பாரத்தை நிரப்பிக்கொடுக்கவும் ஆள் இல்லை.

கடல் தாண்டி ஒரு பாடம்

இந்தச் சிக்கல் நமக்கு மட்டும் வந்ததல்ல. அமெரிக்கக் கறுப்பர்கள் தேவாலயப் பாட்டிலிருந்து எடுத்துக் கட்டிய இசைக்கு ‘சோல்’ என்று பெயர். ஆன்மா என்று பொருள். 1960-களில் டெட்ராய்ட் போன்ற தொழில் நகரங்களில் பதிவான, அங்கேயே விலைபோகாத எத்தனையோ இசைத்தட்டுகளை இங்கிலாந்தின் வடபகுதித் தொழிலாளி வீட்டுப் பிள்ளைகள் தேடித் தேடி வாங்கி விடிய விடிய ஆடினார்கள். விகான் நகரத்துக் கேசினோ அரங்கு 1973 முதல் 1981 வரை அவர்களுடைய கோயில் மாதிரி இருந்தது. ‘நார்த்தர்ன் சோல்’ என்பது அந்தக் கூட்டத்தின் பெயர். வானொலிக்கும் பெரிய கம்பெனிகளுக்கும் வெளியே, வாய்வழிச் சேதியாகவே அது வாழ்ந்தது. அன்று ஆடியவர்களுக்கு இன்று அறுபது, எழுபது வயது. இப்போது இருபது வயதுப் பிள்ளைகள் அங்கே வந்து சேர்ந்து, கிழவர்களிடம் காலடி கற்றுக்கொள்கிறார்கள். வயதானவர்களுக்குத் தங்கள் ஆட்டம் தங்களோடு சாகாது என்ற நிம்மதி வந்திருக்கிறது.

நல்ல விஷயம்தான். ஆனால் அந்தக் கதைக்கு இன்னொரு பக்கம் உண்டு. ஃபிராங்க் வில்சன் என்ற கறுப்பினப் பாடகர் 1965-இல் பாடிய ஒரு தட்டு வெளிவராமலே போய்விட்டது. தப்பிய பிரதிகள் விரல்விட்டு எண்ணத்தக்கவை. 2009-இல் அதில் ஒரு பிரதி 25,000 பவுண்டுக்கு மேல் விலைபோனது. அந்தப் பணம் தட்டை வைத்திருந்தவருக்குப் போனது, பாடியவருக்கு அல்ல. இசையை நேசிப்பதும் இசைக்காரனை மதிப்பதும் ஒன்றல்ல என்பதற்கு இதைவிட உதாரணம் வேண்டியதில்லை.

அவர்களுக்கு ஒரு வசதி இருந்தது. பாடகன் செத்தாலும் தட்டு இருக்கிறது. நமக்குத் தட்டு இல்லை. கிழவரின் மணிக்கட்டுதான் தட்டு.

என்ன செய்ய வேண்டும்

பறை கற்க வருகிறவர்கள் சேரிக்கு வர வேண்டும். நகரத்துப் பட்டறையோடு நின்றுவிடக் கூடாது. வந்து, கிழவரை ஆசான் என்று அழைத்து, அவர் வீட்டில் தண்ணி வாங்கிக் குடித்து, திண்ணையில் உட்கார்ந்து கற்க வேண்டும். கற்ற அடியை மேடையில் அடிக்கும்போது ஊர்ப் பெயரையும் அந்த ஆசான் பெயரையும் சொல்ல வேண்டும். பாகவதர்கள் குரு பரம்பரை சொல்வதில்லையா? நமக்கு மட்டும் ஏன் ‘நாட்டுப்புறப் பாடல், ஆசிரியர் பெயர் தெரியாது’?

வட மாவட்டத்து அடிகளைப் பதிவு செய்ய வேண்டும். தென் மாவட்டத்து ஆட்டம் மேடை ஏறிப் பிரபலமாகிவிட்டதால் பறை என்றாலே அதுதான் என்று ஆகிவருகிறது. தென்பெண்ணைக் கரையிலும் கல்வராயன் மலை அடிவாரத்திலும் அடிக்கும் அடிகள் வேற. இதை அரசு செய்யும் என்று காத்திருக்காமல் நம்ம மாணவர்கள் கைப்பேசியிலேயே தொடங்கலாம். பதிவின் உரிமை ஆசானுக்கே என்று முதலிலேயே எழுதி வைத்துக்கொண்டு தொடங்க வேண்டும்.

நம் பிள்ளைகளுக்கு மறுக்கும் உரிமை முழுசாக இருக்க வேண்டும். அடிக்க விரும்புகிற சேரிப் பையனுக்கு முதல் இடம் கிடைக்க வேண்டும். விரும்பாதவனைப் பாரம்பரியத்தின் பெயரால் யாரும் இழுக்கக் கூடாது. சென்னையில் பறை அடிக்கிற மாணவனுக்குக் கைதட்டலும், அதே பறையை ஊர்ச்சாவுக்கு அடிக்க மாட்டேன் என்கிற கிராமத்துப் பையனுக்கு ஊர்விலக்கமும் கிடைக்கிற வரையில், புதிதாக வந்தவர்கள் முதலில் நிற்க வேண்டிய இடம் அந்தக் கிராமத்துப் பையனின் பக்கம்தான். மேடையில் ஆடுகிற கலைக்குழு, மோளம் மறுத்ததற்காக விலக்கி வைக்கப்பட்ட சேரிக்கு ஒரு நாளாவது போய் நிற்கட்டும். அந்த மறுப்பின் மேல்தான் அவர்களுடைய கலை நிற்கிறது.

ரிஷிவந்தியம் பக்கத்தில் அடிக்கத் தெரிந்த கிழவர்கள் இன்னும் இருக்கிறார்கள். கள்ளக்குறிச்சியில் இறங்கிப் பஸ் பிடித்து வந்தால் பார்த்துவிடலாம். வருகிறவர்கள் நோட்டுப் புத்தகமும், கற்றுக்கொள்ளப் பொறுமையும், ஆசானுக்குக் கொடுக்க வேண்டிய கட்டணமும் கொண்டு வரட்டும். சாராயம் வேண்டாம்.